பழைய கம்ப்யூட்டரா? எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

நாம் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மூட்டையைக் குத்தி, மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒரு பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். நாற்பது வருடம் அப்படிப் பருப்பு வாங்கி விற்ற நான், 2024இல் பேத்தியின் படிப்புக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டரை மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் 14,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். "ஐ5 சார், கம்பெனியில் ஓடிய சரக்கு" என்றார் விற்றவர். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஐ5 என்பது துவரம் பருப்பு என்று சொல்வது போலத்தான். எந்த வருட மகசூல் என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-4590 என்றால் நான்காம் தலைமுறை, 2014இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது. 10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்து என்று கொள்ள வேண்டும். நான் வாங்கி வந்தது 4590.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். "இதிலும் 11 ஓடுகிறதே" என்று கடையில் போட்டுக் காட்டுவார்கள். குறுக்கு வழியில் ஏற்றியது அப்படித்தான் ஓடும். பின்னால் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்தானே என்று விட முடியுமா? பிள்ளைகள் பாடம் படிக்கும் அதே பெட்டியில்தான் நாம் கடையை அடைத்து வந்து வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கிறோம்.

பழையதே வேண்டாம், புதிதாக ஒரு லேப்டாப் வாங்குங்கள் என்கிறான் என் மகன். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் டெல், ஹெச்.பி., லெனோவோ பெட்டிகள் உழைப்பதற்கென்றே செய்தவை. மானிட்டர் போனால் மானிட்டரை மட்டும் மாற்றலாம், கீபோர்டு போனால் கீபோர்டு மட்டும். சென்னை ரிச்சி தெருவிலும் சரி, நம் ஊர்களிலும் சரி, நல்ல பெட்டிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள். மேஜையில் இடம் அடைக்காத குட்டிப் பெட்டிகள் பலவற்றில் மின்சாரம் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். தனி அளவில் இருக்கும், அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்காது. ராம் 8 ஜி.பி. இருக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி.யாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வேகத்தில் வித்தியாசம் உட்கார்ந்த உடனே தெரியும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். "பில் வேண்டாமென்றால் ஐந்நூறு குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். குறைத்துக்கொண்டேன். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேர் இதே பேச்சை நம் வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறோம்?

அந்தப் பெட்டியில் இப்போது லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறது. பேத்தியின் பாடத்துக்குப் போதும். வங்கி வேலைக்கு இன்னொன்று வாங்கினேன். இம்முறை கடையிலேயே ஓடவிட்டு, 'ப்ராபர்டீஸ்' பக்கத்தில் 8500 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்து, மூடியைக் கழற்றச் சொன்னேன். கடைப் பையன் முகத்தைச் சுளித்தான். சுளித்துக்கொண்டே கழற்றினான். பில்லில் அந்த எண்ணையும் எழுதி வாங்கி வந்தேன்.