முகமூடிக்கு மொழி எதுக்குங்க?

‘மூஞ்சியை மூடிக்கிட்டு, வாயையும் திறக்காம ஒரு மல்யுத்த வீரன் வந்தா, புதுசா பார்க்கிறவனுக்கு எப்படிப் பிடிக்கும்? மைக் பிடிச்சு நாலு வார்த்தை பேசினாத்தானே ஒட்டும்?’ ரெஸ்லிங் வியாபாரத்தில் ரொம்ப நாளாக இருக்கும் வாதம் இது. கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால், சுத்த அபத்தம்.

சந்தேகமா? 2000-களின் தொடக்கத்தில் உடுமலைப்பேட்டையில் பையனாக இருந்த யாரையாவது கேளுங்கள். கையில் டிரம்ப் கார்டு, வீட்டில் கேபிள் டி.வி. வர்ணனை முழுக்க இங்கிலீஷ். ‘ராக்’ மைக் பிடித்தால் அமெரிக்காவில் அரங்கமே கூடச் சேர்ந்து கத்தும். இங்கே, “எப்படா சண்டை போடுவானுங்க?” என்று கொட்டாவி விடுவார்கள். ‘கேன்’ வந்தால் கதையே வேறு. சிவப்பு வெளிச்சம், முகமூடி. ரெண்டு கையையும் தூக்கி இறக்கினால் நாலு மூலையிலும் தீ. இதற்கு எந்த டியூஷன் சென்டரில் போய் இங்கிலீஷ் படிக்கணும்?

அந்தக் கேன் முதன்முதலில் வந்தது 1997 அக்டோபர் 5. கூண்டுக்குள் அண்டர்டேக்கர். வெளியிலிருந்து வந்தவன் கூண்டின் கதவைப் பிய்த்து எறிந்தான். அண்ணன் முன்னால் நின்று முறைத்தான். தூக்கித் தலைகீழாகக் குத்தினான். போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. கதைப்படி ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. பங்காளிச் சண்டையைக் கொங்கு நாட்டுக்காரனுக்கு வசனம் போட்டு விளக்கணுமா என்ன?

இன்னும் பின்னால் போவோம். கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். எல்லாம் ஊமைப்படம், நடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சினிமா என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். 1914-ல் அவர் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ தியேட்டரே கட்டிவிட்டார். தமிழ்த் திரை வாயைத் திறந்தது 1931-ல்தான். பாட்டுக்குப் பேர் போன உடுமலை நாராயணகவியின் ஊர்க்காரர்களுக்கும் முதலில் சினிமாவைப் பழக்கியது பேசாத படம்தான் சார்!

எதிர்க்கட்சிக்கு ஒரு பாயின்ட் உண்டு. மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வார். கேனுக்கும் பால் பேரர் என்று ஒரு மேனேஜர் பேசினார். கதையைத் தொடங்கி வைக்க ஒரு குரல் வேண்டும்தான். ஆனால், ஜனங்கள் பார்க்க வந்தது கதை சொன்னவரை அல்லவே?

பேசியே ஜெயிக்கப் பார்த்த கதையும் இருக்கிறது. 2017 மே மாதம், இந்திய மார்க்கெட்டைக் குறிவைத்து, பஞ்சாபி வம்சாவளிக்காரரான ஜிந்தர் மஹாலை டபிள்யூ.டபிள்யூ.ஈ. சாம்பியன் ஆக்கினார்கள். தலைப்பாகை கட்டிய ஆட்கள் பின்னால் வர, மைக் பிடித்துப் பஞ்சாபியில் பேசினார். உடுமலைச் சந்தையில் பஞ்சாபி யாருக்குங்க புரியும்? ‘இந்தியர்களுக்கு’ என்று பேசுகிற கம்பெனிக்கு, இந்தியா என்பது ஒரே பாஷை பேசும் ஒரே தெரு! அதே வருஷம் நவம்பரில் பட்டத்தை ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

கேன் வேஷம் போட்ட க்ளென் ஜேக்கப்ஸ் 2018-ல் அமெரிக்காவில் நாக்ஸ் கவுன்டியின் மேயர் ஆனார். வாயை மூடியிருந்தவரை உடுமலை வரைக்கும் ரசிகர்கள். மேடையேறிப் பேசினார், கிடைத்தது ஒரு கவுன்டி!

புது ரசிகனுக்குப் புரியாது என்பவர்கள், உண்மையில் ரசிகனை நம்பாதவர்கள். அவன் காதுக்குள் எதையாவது கொட்டிக்கொண்டே இருக்காவிட்டால் எழுந்து போய்விடுவான் என்று பயம். அவனுக்குக் கண் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை டி.வி.யில் குஸ்தி வந்தால் சத்தத்தை நிறுத்துங்கள். அப்போதும் கதை புரிந்தால் அவன் கலைஞன். புரியவில்லையா? அவனுக்குச் செந்தமிழிலேயே டப்பிங் கொடுத்தாலும் வேலைக்கு ஆகாது.