கதை எங்கே என்று கேட்பவர்களுக்கு

"இந்தப் படத்தில் கதையே இல்லையே!" என்பது ரசிகர்களின் குற்றச்சாட்டு. "நம்பிக்கையே இல்லையே!" என்பது சர்க்காரின் குற்றச்சாட்டு. இரண்டும் ஒன்றுதான் என்கிறேன் நான்.

இத்தாலியில் விட்டோரியோ டி சிகா எடுத்த 'உம்பர்ட்டோ டி' 1952இல் வெளிவந்தது. எழுதியவர் செசாரே ஸவாட்டினி. ரோம் நகரத்தில் ஓய்வு பெற்ற ஓர் உத்தியோகஸ்தர். பென்ஷன் வாடகைக்கே போதவில்லை. வீட்டுக்காரி காலி செய்யச் சொல்கிறாள். துணைக்கு ஒரு நாய். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கிழவராக நடித்தவர் நடிகரல்ல, மொழியியல் பேராசிரியர்.

துணை மந்திரியாக இருந்து சினிமாவையும் கவனித்து வந்த ஜூலியோ ஆண்ட்ரியோட்டி, டி சிகாவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இத்தாலி இப்படித்தான் இருக்கிறது என்று உலகம் நினைத்துவிட்டால், அது தாய்நாட்டுக்குச் செய்த நல்ல சேவையாகாது என்பது அதன் சாரம். வெறும் கடிதந்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 1949இல் அவர் கொண்டுவந்த சட்டப்படி, நாட்டின் பெயரைக் கெடுப்பதாகக் கருதப்படும் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பவே அனுமதி மறுக்கலாம். கிழவரின் பென்ஷன் போதவில்லை என்பதல்ல அவருக்கு வருத்தம். அது வெளியே தெரிந்துவிட்டதே என்பதுதான்!

மந்திரியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? படத்துக்கு வரவே இல்லை. வசூல் படுத்துவிட்டது.

அந்தப் படத்தில், வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி காலையில் எழுந்து சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகள்மீது தண்ணீரை அடிக்கிறாள், காப்பிக்கொட்டை அரைக்கிறாள், உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைத் தள்ளுகிறாள். கண்களில் நீர். அவள் கர்ப்பிணி, குழந்தைக்குத் தகப்பன் யார் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. இதைப் பார்த்துவிட்டா, "ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறீர்கள்?

கிழவர் பிச்சை கேட்கக் கையை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு போட வரும்போது, மழை தூறுகிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளங்கையைச் சட்டென்று கவிழ்த்துவிடுகிறார். நடுத்தர வர்க்கத்தின் மானம் முழுவதும் அந்த ஒரு கையில் இருக்கிறது. இதைவிடப் பெரிய கதை எது?

1960இல் கான் விழாவில் அண்டோனியோனியின் 'லாவென்துரா' ஓடியபோது கூச்சலிட்டுக் கேலி செய்தவர்களும் இதே ஜாதிதான். படத்தில் ஒரு பெண் காணாமற் போகிறாள், கடைசிவரை அகப்படவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கையில் கொடுக்கவில்லையே என்று அவர்களுக்குக் கோபம்! அதே விழாவில் நடுவர் குழு அந்தப் படத்துக்கே விசேஷப் பரிசு அளித்தது.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான், கதைக்கு விரோதியல்ல. ஆனால், வில்லன் தண்டனை பெற்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோமே, அந்தத் தூக்கத்துக்கு நான் விரோதி. மந்திரி கேட்ட நம்பிக்கையும் நாம் கேட்கும் முடிவும் ஒரே மருந்துக்கடையில் விற்கிற தூக்க மாத்திரைகள். கவிழ்ந்த அந்தக் கையைக் கண்டு தூக்கம் கெடுமானால், கெடட்டும்.