விடுப்பு இருந்தால்தானே கோயில்?

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி ஆறு நாளும் வங்கிக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் சொந்தம். ஞாயிறு விடிந்தால் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் வந்துவிடுவார்கள். சேட்டர் சாலையில் அன்றைக்கு வாகனங்கள் ஓடாது. எச்எஸ்பிசி வங்கித் தலைமையகத்தின் தரைத்தளம் சுவர் இல்லாத திறந்தவெளி; கட்டிடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 1980களில் அப்படித்தான் அமைத்தார். அந்த நிழலில், பிரித்த அட்டைப்பெட்டிகளை விரித்து, சுற்றிலும் இடுப்பளவுக்கு அட்டையையே நிறுத்தி, டேப் ஒட்டினால் அறை தயார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஒருத்தி டப்பாவைத் திறந்து சோறும் அடோபோ கறியும் பரிமாறுகிறாள். ஒருத்தி தோழியின் நகத்துக்குப் பாலிஷ் போடுகிறாள். ஊருக்கு அனுப்பும் பெட்டியில் சோப்பு, டவல், டின் இறைச்சி என்று இடுக்கு விடாமல் அடைக்கிறாள் இன்னொருத்தி. அடுத்த அட்டை அறையில் கிடாரோடு ஜெபக்கூட்டம்.

கார்டன் சாலையில் உள்ள புனித சூசையப்பர் ஆலயத்தில் அன்று திருப்பலிக்கு மேல் திருப்பலி நடக்கும். கிழக்கே காஸ்வே பேயில், விக்டோரியா பூங்காவில், இந்தோனேசியப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குர்ஆன் ஓதுவார்கள். இந்த நகரத்தில் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் 3 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் இந்த இரண்டு நாட்டுக்காரர்கள்.

அந்நிய மண்ணில் தனித்திருக்கும் பெண்ணை மதநம்பிக்கை தாங்கிப் பிடிக்கிறது என்று இதைப் பார்த்து நெகிழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். நெகிழ்வதில் தவறில்லை. ஆனால், அதே பெண்ணை, அதே ஜெபமாலையோடு, வார விடுப்பே தராத ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். நம்பிக்கை அவளிடம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நாலு பேரோடு சேர்ந்து உட்கார வழி இருக்காது. ஹாங்காங்கில் அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது தொழிலாளர் சட்டம். ஏழு நாளில் ஒரு நாள், தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு தந்தாக வேண்டும் என்கிறது அது. வீட்டுப் பணிப்பெண்ணும் அதில் அடக்கம். ஓய்வு நாளில் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது குற்றம். ஏமாற்றும் வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் உரிமை என்று கேட்க ஒன்று இருக்கிறது.

சிங்கப்பூரில் 2013 வரை வார விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அந்த ஆண்டு வந்த விதியிலும், பெண் சம்மதித்தால் விடுப்புக்குப் பதிலாகக் கூலி கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். ஏஜென்ட் கடனை அடைக்க வேண்டியவள் சம்மதிக்காமல் என்ன செய்வாள்? மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்றக் கூடாது என்ற விதி 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஹாங்காங்கில் முதலாளி வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்பது 2003 முதல் கட்டாயம். அதை எதிர்த்து ஒரு பிலிப்பைன்ஸ் பெண் தொடுத்த வழக்கு 2018இல் தோற்றது. 2020இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அந்த ஊர் அடுக்ககங்களின் அளவு உலகறிந்தது. குழந்தையின் அறை, சமையலறை ஓரம், ஹால் சோபா என்று கிடைத்த இடத்தில் படுப்பவளுக்குச் சாமி படம் மாட்ட ஒரு சுவர் கிடையாது. பன்றி இறைச்சி சமைக்கச் சொல்லும் வீட்டில், முதலாளி முகம் சுளிக்காத நேரம் பார்த்துத் தொழ வேண்டிய முஸ்லிம் பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். ஆக, அவள் தன் கடவுளோடு நிம்மதியாக இருக்கும் இடம் வீட்டுக்கு வெளியேதான்.

அந்த ஒரு நாளில் நடக்கிற வேறொன்றை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆறு நாளும் கழிவறை தேய்த்து, நாயைக் குளிப்பாட்டிய பெண், ஏழாம் நாள் பாடற்குழுவை நடத்துகிறாள், சங்கக் கணக்கு எழுதுகிறாள், புதிதாக வந்தவளுக்கு எந்த ஏஜென்ட் எவ்வளவு பிடுங்குவான் என்று சொல்லித் தருகிறாள். இவர்களில் ஊரில் ஆசிரியையாக இருந்தவர்களும் பட்டதாரிகளும் உண்டு. கூட்டத்தில் ஆண்களே அரிது என்பதால், பொறுப்பெல்லாம் பெண்கள் கையில். பலிபீடம் மட்டும் இன்னும் பாதிரியார் வசம்.

மதத்துக்கும் நூற்றுக்கு நூறு போட முடியாது. பொறுத்துப் போ, கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற பிரசங்கம், கொடுமை நடக்கும் வீட்டுக்கே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பக்கூடியது. செழிப்பு வரும் என்று வாக்களித்துக் காணிக்கைப் பையை நீட்டும் சபைகளும் உண்டு. அதே ஊரில், ஆங்கிலிகன் பேராலயமான புனித யோவான் ஆலய வளாகத்தில் புலம்பெயர் தொழிலாளர் மிஷன் ஒன்று இருக்கிறது. 1981இல் தொடங்கியது. சம்பள பாக்கி, திடீர் நீக்கம், அடி உதை என்று வருகிறவர்களுக்கு அங்கே புகார் தயாரித்துத் தருகிறார்கள். யார் எந்த மதம், எந்தச் சபை என்று பார்ப்பதில்லை. வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது 1987 முதல் உள்ள விதி. வழக்கு முடியும்வரை அனுமதி நீட்டிப்பு வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். ஆனால் எங்கே படுப்பது? 1986இல் உருவான பெத்யூன் இல்லம் போன்ற தங்குமிடம் இல்லாவிட்டால், நியாயம் கையில் இருந்தும் விமானம் ஏற வேண்டியதுதான். ஒரு வழிபாட்டு இடத்தை எடைபோடச் சொன்னால், அங்கே மனு எழுத ஒரு மேஜை இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஊர் இவர்களை ஏற்றுக்கொண்டதா என்றால், அட்டை அறை அளவுக்கு. 1990களின் தொடக்கத்தில், சேட்டர் சாலையை மறுபடி வாகனங்களுக்கு விட வேண்டும் என்று குரல் எழுந்தது. பணிப்பெண்கள் நிலத்தடி வாகன நிறுத்தங்களில் கூடிக்கொள்ளட்டும் என்றும் யோசனை சொன்னார்கள். 2020 ஜனவரிக் கடைசியில், கரோனா பரவியபோது, ஓய்வு நாளில் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு அறிவுறுத்தியது. அவர்களுக்கு வீடுதானே வேலையிடம்? மற்ற வெளிநாட்டவர் 7 ஆண்டு வசித்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். 1986 முதல் அங்கே உழைத்த ஒரு பணிப்பெண் கேட்டபோது, அது அவருக்குப் பொருந்தாது என்று 2013 மார்ச்சில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அனுப்பிய பிலிப்பைன்ஸோ பட்டம் கொடுத்தது. 1974இல் மார்க்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டத் தொகுப்போடு ஆளனுப்பும் கொள்கை வேர்விட்டது. 1988இல் ஹாங்காங் வந்த அதிபர் கோரி அகினோ, நீங்கள்தான் புதிய வீராங்கனைகள் என்று பணிப்பெண்களைப் புகழ்ந்தார்.

நம் அரசுகள் இந்த அளவுக்குப் புகழவும் இல்லை. நமக்குத் தெரிந்த பாதுகாப்பு, வாசலை அடைப்பது. 30 வயது ஆகாத பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்கிறது இந்தியா. இலங்கை 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டு, 5 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களைத் தடுத்தது, 2022இல்தான் தளர்த்தியது. மட்டக்களப்புப் பெண்ணும் கடலூர்ப் பெண்ணும் தடையைத் தாண்ட ஏஜென்ட்டிடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சட்டத்துக்கு வெளியே போனவள், போன இடத்தில் சட்டப்படி விடுப்பு கேட்பது எப்படி?

குவைத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வாரம் ஒரு நாள் ஓய்வு என்கிறது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருக்கும் வீட்டில் அந்தச் சட்டம் வாசலோடு நின்றுவிடும். அங்குள்ள தேவாலயங்களில் ஞாயிறு திருப்பலியை வெள்ளியன்றே வைக்கிறார்கள், தமிழிலும் உண்டு. நர்ஸ்களும் கணக்காளர்களும் குடும்பத்தோடு வருவார்கள். வீட்டு வேலைக்குப் போனவர்களில், முதலாளி கதவைத் திறந்துவிட்டவர்கள் மட்டும் வரலாம்.

2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது: வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு; அந்த ஓய்வை வேலை செய்யும் வீட்டிலேயே கழிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. என் பார்வையில் இரண்டாவதுதான் உயிர்நாடி. பிலிப்பைன்ஸ் 2012இல் ஏற்புறுதி செய்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்ததோடு சரி.

ஏற்புறுதி செய்தால், அந்த விதி முதலில் நம் வாசலுக்கே வரும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சென்னையில் வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்ன விடுப்பு என்று எத்தனை வீட்டில் பேசி முடிவு செய்கிறோம்? திருப்பூர், கோவை, திண்டுக்கல் ஆலை விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பல விடுதிகளில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் வெளியே விடுகிறார்கள், அதுவும் வார்டன் கூடவே வருவார். அந்த நேரத்தில் கடைத்தெருவுக்கா, தேவாலயத்துக்கா, ஊர்க்காரியின் அறைக்கா என்பதையும் வார்டனே முடிவு செய்கிறார்.