வெளுத்துப்போன முகமும் ரிங் லைட் வியாபாரமும்

"வெப்கேம்ல மூஞ்சி வெள்ளையடிச்ச சுவர் மாதிரி தெரியுதா? ஒரு ரிங் லைட் வாங்கிப் போட்டுடு தம்பி, எல்லாம் சரியாயிடும்."

இந்த அறிவுரையை முதலில் சொன்னவர் யாரோ, அவருக்கு ஒரு பெரிய கும்பிடு. வெளிச்சம் அதிகமாகி முகம் கரைந்துபோனதற்கு மருந்து, இன்னும் கொஞ்சம் வெளிச்சமாம்! சர்க்கரை வியாதிக்காரருக்கு அல்வா கிண்டிக் கொடுக்கிற வைத்தியம் இது.

அடுத்த அறிவுரை இன்னும் மோசம். "கேமரா மட்டம், வேற வாங்கு." டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு லேப்டாப் போல உள்ளேயே கேமரா கிடையாது. தனியாகக் காசு போட்டு வாங்கி, மானிட்டர் தலையில் மாட்டி, யூஎஸ்பியில் சொருகியிருக்கிறோம். அதையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்க வேண்டுமாம்.

நான் சொல்ல வருவது இதுதான். பெரும்பாலான நேரம் குற்றம் உங்கள் அறையிலும் இல்லை, கேமராவின் சென்சாரிலும் இல்லை. திருக வேண்டிய திருகை உங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அங்கேதான் கோளாறு.

சரி, ஏன் வெளுக்கிறது? கேமராவுக்கு உங்கள் முகம், சுவர், அலமாரி என்றெல்லாம் தெரியாது. தானியங்கி எக்ஸ்போஷர் என்பது பொதுவாக படம் முழுவதையும் பார்த்து ஒரு சராசரி எடுக்கிறது. அந்தச் சராசரி நடுத்தர சாம்பல் நிறத்துக்கு வரும்வரை ஒளியை ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. பின்னால் இருட்டான அறை, உடம்பில் கறுப்புச் சட்டை, தலையில் கறுப்பு முடி என்றால் சராசரி கீழே போய்விடும். உடனே கேமரா "அய்யோ, ஒரே இருட்டு" என்று நினைத்து ஒளியை ஏற்றும். இருட்டுச் சுவர் சாம்பலாகும். மானிட்டர் வெளிச்சம் நேராக விழுகிற உங்கள் முகம் மட்டும் பொசுங்கி வெள்ளையாகும்.

இப்போது எல்லாரும் செய்வது என்ன? பிரைட்னஸ் ஸ்லைடரைத் தேடிப் பிடித்துக் குறைப்பது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸுக்குள் கேமரா பக்கம் போனால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் எல்லாம் வரிசையாக நிற்கும். நான் பார்த்த கேமராக்கள் எதிலும் எக்ஸ்போஷர் அங்கே இல்லை. இருப்பதை வைத்துக் குறைத்தால் வெள்ளை முகம் சாம்பல் முகமாகும், அவ்வளவுதான். மூக்கும் கன்னமும் திரும்பி வராது.

ஏன் வராது? எக்ஸ்போஷர் என்பது சென்சாருக்குள் எவ்வளவு நேரம் ஒளி விழுகிறது என்பது. பிரைட்னஸ் என்பது ஒளி விழுந்து, எண்ணாக மாறிய பிறகு அந்த எண்ணைக் கூட்டிக் கழிப்பது. சாதாரண வீடியோவில் அந்த எண் 0-விலிருந்து 255 வரைதான் போகும். நெற்றியும் கன்னமும் மூக்கும் மொத்தமாக 255-ல் முட்டி நின்றுவிட்டால் மூன்றுக்கும் வித்தியாசமே கிடையாது. அதிலிருந்து 50 கழித்தால் மூன்றும் 205. 

ஆக, பயன்படாத ஸ்லைடரை நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பயன்படுகிற ஸ்லைடரைப் பரணில் போட்டிருக்கிறார்கள்.

தொழில்நுட்பம் இல்லையா என்றால், அதுவும் இல்லை! 2003-ல் வந்த யூஎஸ்பி வீடியோ கிளாஸ் என்ற பொதுத் தரநிலையிலேயே இதற்கு வழி இருக்கிறது. தானியங்கி எக்ஸ்போஷரை அணைக்கலாம். எக்ஸ்போஷர் நேரத்தை வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகச் சொல்லலாம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பல கேமராக்கள் உள்ளுக்குள் இதை ஏற்றுக்கொள்ளவும் செய்கின்றன. வாங்கியவனுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தப் பரணுக்கு ஏணி இதோ. விண்டோஸில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். வீடியோ கேப்ச்சர் டிவைஸ் என்று உங்கள் கேமராவைச் சேருங்கள். அதன் பண்புகளில் 'கான்ஃபிகர் வீடியோ' என்ற பட்டன் இருக்கும். அழுத்தினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'கேமரா கண்ட்ரோல்' பக்கத்தில் எக்ஸ்போஷருக்கு எதிரே உள்ள 'ஆட்டோ' டிக்கை எடுத்துவிட்டு ஸ்லைடரை இடப்பக்கம் நகர்த்துங்கள். -5 என்றால் வினாடியில் 32-ல் ஒரு பங்கு, -6 என்றால் 64-ல் ஒரு பங்கு, -7 என்றால் 128-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். அங்கே கெய்ன் என்று ஒன்று இருந்தால் அதையும் இறக்குங்கள். முகம் தெரியும்!

படத்தில் கோடு கோடாக ஓடினால் பயப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். கேமரா 60 என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' இருக்கும், 50 வையுங்கள். பிறகு ஓபிஎஸ்ஸை மூடிவிட்டு மீட்டிங்குக்குப் போங்கள். ஜூமில் 'குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்பச் சரிசெய்' என்ற வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஆனால் கேமராவைக் கழற்றி மாட்டினாலோ, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலோ, பல கேமராக்கள் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள இவர்களுக்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் இல்லை, அவசியம் இல்லை. அதுதான் விஷயம். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒன்று சொன்னார் (2001-ல் நோபல் பரிசும் வாங்கினார்). விற்பவனுக்குத் தெரிந்த குணம் வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது. மட்டமான சரக்குதான் சந்தையில் நிற்கும். வெப்கேம் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 1080 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இருட்டு அறையில் முகம் வெளுக்குமா, எக்ஸ்போஷரைக் கையால் மாற்றலாமா, மாற்றினால் நினைவில் இருக்குமா - ஒரு வார்த்தை இருக்காது. வாங்குபவன் பார்க்க முடியாத குணத்துக்கு எவன் செலவு செய்வான்?

ரிங் லைட்டே வீண் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே இருட்டான அறைக்கு விளக்கு வேண்டும். ஆனால் ஏற்கனவே வெளுத்த முகத்துக்கு முதல் மருந்து அது இல்லை. எக்ஸ்போஷரை இறக்கிப் பார்த்து, படம் இருட்டாக இருந்தால் அப்புறம் விளக்கைப் பற்றி யோசிக்கலாம்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா?" என்பவர்களுக்கு: வேலைக்கான முதல் சுற்று நேர்முகம் வீடியோவில் நடக்கிற காலம் இது. ஆன்லைன் பரீட்சையில் அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்பிடுகிற காலம் இது. எதிரே இருப்பவருக்கு உங்கள் கண்ணும் வாயும் தெரியாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான், கேமரா கம்பெனிக்கு இல்லை.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. "வெளுத்தா என்னடா, கலரா தெரியறே, விட்டுடு" என்பார்கள். சிவப்பழகு க்ரீமே 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம் இன்னும் எடுக்கவில்லை. மாநிறத்தை அழித்துவிட்டு வெள்ளைத் திட்டு காட்டுகிற கருவியை 'நல்லா காட்டுது' என்று பாராட்டுகிறவரை, அதைத் திருத்தும்படி யார் கேட்கப்போகிறார்கள்?

நாம்தான் கேட்க வேண்டும். பிரைட்னஸ் ஸ்லைடர் இருக்கிற இடத்திலேயே எக்ஸ்போஷர் ஸ்லைடரும் இருக்கட்டும். வைத்த எண்ணைக் கேமரா மறக்காமல் இருக்கட்டும். கையால் மாற்ற முடியுமா முடியாதா என்று பெட்டியில் எழுதட்டும். கடையில் வாங்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். கடைக்காரர் முழித்தாலும் பரவாயில்லை, பத்து பேர் கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குப் பதில் வைத்திருப்பார்.

அதுவரை அந்த 'ஆட்டோ' டிக்கை எடுத்துவிடுங்கள். ரிங் லைட் காசுக்குப் பிரியாணி சாப்பிடலாம் :-)