தோற்றேன், தோற்றவன்

கொஞ்சம் நீளமான பதிவு, சாவகாசமாகப் படியுங்கள்.

"வெள்ளைக்காரன் கவுன்சிலிங் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வதையெல்லாம் புத்தர் 2,500 வருஷத்துக்கு முன்பே இலவசமாகச் சொல்லிவிட்டார்." நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் சுற்றிய செய்தியின் சாரம் இது. நிறையப் பேர் கைகூப்பினார்கள். அதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்து என்பதால்தான் எழுதுகிறேன்.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். பள்ளியில் படித்த இலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? 'தோற்றேன்' வினைமுற்று. 'தோற்றவன்' வினையாலணையும் பெயர். ஒரு பரீட்சையில் தோற்றேன் என்றால் அது ஒரு நாள் நடந்த ஒரு செயல், அத்தோடு முடிந்தது. 'நான் தோற்றவன்' என்றால் அந்தச் செயலையே பெயராக்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டாயிற்று. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். மனத்தில் தோன்றிய எண்ணத்தை உண்மை என்று அப்படியே நம்பாதே, ஆதாரம் என்ன என்று கேள் என்பார்கள். பௌத்தமும் எண்ணத்தை வந்துபோகிற ஒன்றாகப் பார்க்கச் சொல்கிறது. கெட்ட எண்ணம் விடாமல் வந்தால் என்ன செய்வது என்று பாலி மொழியில் ஒரு சூத்திரமே இருக்கிறது, ஐந்து வழிகளோடு. முதல் வழி, தச்சன் ஒரு ஆப்பை இன்னொரு ஆப்பால் வெளியே தள்ளுவதுபோல நல்ல எண்ணத்தால் அதைத் தள்ளுவது. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா 1980-களிலேயே இந்த ஒற்றுமைகளை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் அதற்கு மேல் பாதை பிரிகிறது. சிகிச்சையாளர் 'தோற்றவன்' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, நியாயமான ஒரு வாக்கியத்தை அங்கே வைக்க உதவுகிறார். புத்தர் இன்னும் போய், சீட்டு ஒட்டுவதற்கு அங்கே நிலையான ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறார். நம் மணிமேகலையில் வரும் ஐந்து கந்தங்கள் இதைத்தான் சொல்கின்றன: உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவை சேர்ந்து ஓடுவதைத்தான் 'நான்' என்கிறோம்.

பெரிய சிந்தனைதான், எனக்கும் பிடித்தது. இதை யாரிடம், எப்போது சொல்வது என்பதில்தான் என் வழக்கு.

மணிமேகலையிலேயே பாருங்கள். மகன் உதயகுமரனை இழந்த அரசி, மணிமேகலையைச் சிறையில் வைத்து வதைக்கிறாள். எதுவும் பலிக்காமல், கடைசியில் மனம் மாறுகிறாள். அப்போது மணிமேகலை அவளிடம், நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா என்று கேட்கிறாள். இன்று எந்த ஆலோசகரும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இப்படிக் கேட்கமாட்டார். கேட்டால் நாமே சண்டைக்குப் போவோம்! ஆனால் அந்தக் கேள்வி முதல் நாள் வரவில்லை. துக்கம் கொடுமையாகி, கொடுமையும் ஓய்ந்த பிறகு வருகிறது. கிசா கௌதமி கதையிலும் அப்படித்தான். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம் புத்தர் தத்துவம் பேசவில்லை. சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று அனுப்பினார். அவள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டு இழப்பையும் காதால் கேட்டாள். துக்கப்பட்டவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடும் இன்றைய முறைக்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

நாம் என்ன செய்கிறோம்? பிரசவத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் அழுகிற பெண்ணிடம், "நான் எனது என்பதை விடு, மனசு சரியாகும்" என்கிறோம். அவளுக்கு 'நான்' என்று சொல்ல இந்த வீட்டில் எப்போது இடம் கொடுத்தோம், இப்போது விடச் சொல்ல? 1898-ல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956-ல் நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றதும், மிதிபட்ட மனிதர் நிமிர்ந்து நிற்பதற்காக. அவர்கள் பௌத்தத்தில் தேடியது தன்மானத்தை.

மேல்நாட்டுக்காரர்களும் பௌத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1979-ல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தீராத வலி உள்ளவர்களுக்குத் தியானத்தைப் பல வாரப் பயிற்சியாக்கினார். அதையும் பெக்கின் முறையையும் சேர்த்து, மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்கும் பயிற்சி ஒன்று பிறகு வந்தது. 2000-ல் வெளியான ஆய்வில் 145 பேர். முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு அது திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37. நல்ல பலன்தான். ஆனால் அந்தப் பயிற்சியைக் கொடுத்தது நோய் தணிந்து தேறியிருந்தவர்களுக்கு. முற்றிய நிலையில் படுத்திருந்தவர்களுக்கு இல்லை. நம் வாட்ஸ்அப் செய்தியில் இந்த வரி இருக்காது.

(ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் சிலர், கம்பெனியே தியான ஆப் கொடுத்திருக்கிறது என்கிறார்கள். இரவு 11 மணி மீட்டிங்கை நிறுத்தினார்களா என்று கேட்டேன். சிரிக்கிறார்கள்.)

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு போன். என்னிடம் படித்த பிள்ளை. "ஆறு மாசமா சரியா தூக்கம் இல்லை டீச்சர். காலையில எழுந்திருக்கவே பிடிக்கலை. டாக்டர் கிட்ட போனா பைத்தியம்னு பேர் வந்துடும், பத்து நாள் தியானத்துக்குப் போயிட்டு வான்னு அப்பா சொல்றார்."

அப்பா சொல்லும் இடம் நம் பக்கம்தான். பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை வழியாகப் போனால் திருமுடிவாக்கம், அங்கே தம்ம சேது விபாசனா மையம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, போன் கிடையாது, கட்டணமும் கிடையாது. பர்மாவில் வணிகராக இருந்த கோயங்கா, தன் ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய் 1955-ல் கற்றுக்கொண்டு, 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. எனக்கு அதில் மரியாதை உண்டு. இது மனநலச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

அதனால் கண்ணா, முதலில் மருத்துவர். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, இல்லாவிட்டால் 104. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தேறிய பிறகு தியானத்துக்குப் போவதானால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போ. விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள், சாப்பிடும் மாத்திரையை மறைக்காமல் எழுது. அப்பாவிடம் நான் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்தானே?