கீழ்ப்படியில் எந்தப் புத்தகம்?

புரட்டாசி பாதியைத் தொடும்போது தம்பானூரில் வந்து இறங்குகிறவர்களின் கைச்சுமை மாறும். நாகர்கோவில் ரயிலிலிருந்தும் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பஸ் நிலையத்திலிருந்தும் அட்டைப் பெட்டிகள் இறங்கும். போர்ட்டரிடம் தரமாட்டார்கள், ஆட்டோவில் ஏறினாலும் பெட்டி மடியில்தான். உள்ளே வைக்கோலுக்கு நடுவே மண்பொம்மை. மதுரை விளாச்சேரியில் செய்ததாக இருக்கலாம், கடலூர் வண்டிப்பாளையத்துச் சரக்காக இருக்கலாம், காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் காகிதக்கூழ் பொம்மையாகவும் இருக்கலாம். திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் கொலுவுக்குத் தயாராகின்றன என்று அர்த்தம்.

அதே நாட்களில் அதே திசையிலிருந்து இன்னொரு பயணமும் நடக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டிலிருந்து சரஸ்வதி யானை மேல் புறப்படுகிறாள். குமாரகோவில் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன் வருகிறார்கள். அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறிய பிறகே ஊர்வலம் நகரும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் மரியாதை செய்து வழியனுப்பும். கேரளப் போலீஸ் மரியாதை செய்து வரவேற்கும். தலைநகர் வந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், முருகன் ஆரியசாலைக் கோயிலுக்கும், நங்கை செந்திட்டைக் கோயிலுக்கும் பிரிந்து போகிறார்கள். தம்பானூரிலிருந்து மூன்று இடங்களுக்கும் நடந்தே போய்விடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு ராஜகுடும்பத்தின் நவராத்திரியும் இங்கே வந்துவிட்டது. தெய்வங்கள் மட்டும் இடம் மாறவில்லை; பூஜைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடாயிற்று, அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில் தொடர்கிறது. சரஸ்வதியின் முகவரி தமிழ்நாடு, வீட்டுக்காரர் கேரளம் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் கம்பர் பூஜித்த சரஸ்வதி, அவரிடமிருந்து சேர மன்னருக்கு வந்தவள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் நம்பிக்கை. அதற்குக் கல்வெட்டுச் சான்று கேட்டு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

கொலு என்ற சொல்லே தர்பாரைக் குறிப்பதுதான். அரசன் கொலு வீற்றிருந்தான் என்போம். ஹம்பியில் இன்றும் நிற்கும் மகாநவமி மேடை விஜயநகர மன்னர்கள் அமர்ந்து நவராத்திரி கண்ட இடம். மைசூர் தசராவும் ராமநாதபுரம் சேதுபதிகளின் நவராத்திரியும் அந்த வரிசையில் வந்தவை. ராஜா தேவியை நடுவில் வைத்துத் தர்பார் நடத்தினார். வீட்டில் பாட்டி ஏழு படி கட்டித் தர்பார் நடத்தினாள். பாட்டியின் தர்பாரில் ஒரு விஷயம் மேல். கொலுவுக்கு வந்த பெண்ணைப் பாடாமல் அனுப்பமாட்டாள், குரல் எப்படியிருந்தாலும் சரி. ராஜாவின் மண்டபத்திலோ, ஸ்வாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் தினம் ஒன்றாக ஒன்பது மாலைகளும் ஒலித்த இடத்தில், பெண் குரலுக்கு 2006 வரை அனுமதி இல்லை. அந்த ஆண்டுதான் பாறசாலை பொன்னம்மாள் அங்கே முதல் பெண்ணாக அமர்ந்து பாடினார். கலைமகளின் முன்னால் ஒரு பெண் பாடுவதற்கு இத்தனை காலம் ஆனது.

வீட்டுக் கொலுவுக்கு வருவோம். அமாவாசை அன்று பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிறது. பொம்மையைப் பார்ப்பதற்கு முன், அதைச் சுற்றியிருக்கும் பழைய பேப்பரைப் பாருங்கள். குடும்பத்தின் கதை அதில் இருக்கும். அடியில் கிடக்கும் தசாவதாரத்தைத் தமிழ்த்தாள் சுற்றியிருக்கும். திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்த நாட்களின் தாள். அதற்கு மேல் உள்ள கல்யாண செட்டை மாத்ருபூமியோ கேரள கௌமுதியோ சுற்றியிருக்கும். சமீபத்தில் வாங்கிய கிரிக்கெட் செட்டில் ஆங்கிலத் தாள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அந்தந்தக் காலத்தில் வீட்டில் எந்தப் பேப்பர் வந்ததோ அது.

படி கட்டுவதில் பழைய கலை இப்போது அருகிவிட்டது. நான்கு தகர டின், இரண்டு பெஞ்சுப் பலகை, ஒரு டிரங்குப் பெட்டி, ஆடாமல் இருக்கச் சொருகிய அட்டை, மேலே தாத்தாவின் மயில்கண் வேஷ்டி, ஓரத்தில் ஊக்கு. இன்று மடக்கிப் பிரிக்கும் படிகள் கிடைக்கின்றன. ஃபிளாட்டில் அதுவே சௌகரியம். படி ஒற்றைப்படையில் இருக்கவேண்டும், மூன்று போதும். முதலில் வைப்பது கலசமும் மரப்பாச்சி ஜோடியும். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புதுத் துணி; அதற்குக் கண்ணும் மூக்கும் தேய்ந்து மறைந்திருந்தால் வீட்டில் பல தலைமுறைக் குழந்தைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று அறிக. மேலே தெய்வங்கள், நடுவில் மகான்கள், கீழே மனிதர்கள். எல்லோருக்கும் கீழே, எல்லோரையும்விட வளமாக, அரிசி பருப்பு வெல்லத்தோடு தொந்தி தள்ளிய செட்டியாரும் அவர் மனைவியும்.

திருவனந்தபுரத்துக் கொலுவுக்கென்று சில அடையாளங்கள் உண்டு. பல வீடுகளில் குத்துவிளக்கோடு கேரளத்து நிலவிளக்கும் ஏறும். பறையில் நெல் நிரப்பித் தென்னம்பாளை செருகி வைப்பார்கள். கதகளித் தலை, சுண்டன் வள்ளம், நெற்றிப்பட்டம் கட்டிய யானை ஆகியவை படியில் தானாக இடம் பிடித்துவிட்டன. சாலைக் கடைத்தெருவில் வாங்கும் பூ பெரும்பாலும் தோவாளைப் பூ. சுண்டலைத் தேங்காய் எண்ணெயில் தாளிக்கும் வீடுகளும் உண்டு. சென்னைக்காரர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது தொன்னையைக் கேட்டு வாங்குவார்கள்.

அனந்தபத்மநாபன் பொம்மைதான் சிக்கல். பள்ளிகொண்ட பெருமாள் என்பதால் உயரம் கேட்கமாட்டார், நீளம் கேட்பார். பாதிப் படி அவருக்கே போய்விடும். சின்னதாக வாங்கினால் பாம்புக்குடை மட்டும்தான் தெரியும். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்கவேண்டும் என்பது வழக்கம். ஒன்பது நாளும் படுத்தே இருந்தவரை என்ன செய்வது என்று வீட்டுக் குழந்தை கேட்காமல் இருக்காது. மரப்பாச்சியைப் படுக்க வையுங்கள் என்பதே பதில்.

இந்த ஊரில் கொலுவுக்கு எதிரி ஈரம். நவராத்திரி சமயத்தில் துலாவர்ஷம் எட்டிப் பார்க்கும். மண்பொம்மையை ஈரத்துணியால் துடைத்தால் தண்ணீர்ச் சாயம் துணியோடு வந்துவிடும், சரஸ்வதி வெளுத்துப்போவாள். காய்ந்த பிரஷ் போதும். காகிதக்கூழ் பொம்மை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கட்டி வைக்கும் முன் ஒரு வெயில் காட்டவேண்டும். முதல் சுற்று பழைய பருத்தி வேஷ்டியாகவும் அதன் மேல் பேப்பராகவும் இருந்தால் வர்ணம் ஒட்டாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது இந்த ஊர்க் காற்றுக்கு உதவாது.

இத்தனை கவனமும் பொம்மைக்கு. கடைசி நாட்களில் கீழ்ப்படிக்குப் புத்தகம் வரும்போதுதான் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் சரஸ்வதி பூஜை நவமி அன்று. கேரளத்தில் அஷ்டமி மாலையே ‘பூஜவைப்பு’; புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டால் விஜயதசமி காலை பூஜை முடியும்வரை படிக்கவும் எழுதவும் கூடாது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் இந்த ஏற்பாட்டை இங்குள்ள தமிழ்க் குழந்தைகள் எந்த வாதமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கேரள வீட்டுப் பூஜையில் பொம்மை கிடையாது, புத்தகமே நடுநாயகம். வேலைப்பாடு இல்லாத அந்த எளிமையிடம் தமிழ்க் கொலு கற்கவேண்டியது உண்டு என்பது என் கட்சி. இன்று நம் கொலுக்களில் ‘தீம்’ வைக்கும் மோகம் ஏறிவிட்டது. ஒரு வருஷம் கும்பமேளா, ஒரு வருஷம் ராக்கெட் ஏவுதளம். தெர்மகோலும் சீரியல் விளக்கும் கண்ணைப் பறிக்கின்றன. புத்தகம் எங்கே என்று தேடினால் படியின் ஓரத்தில், பட்டுத்துணிக்கு அடியில் இருக்கும்.

அந்தப் பட்டுத்துணியை விலக்கிப் பார்த்தால் ஆங்கிலப் பாடப்புத்தகங்கள், மலையாளப் பாடாவலி. தமிழில் ஒரு பஞ்சாங்கம், பாட்டியின் எண்ணெய் படிந்த ஸ்தோத்திரப் புத்தகம். பாட்டி இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. படியில் உள்ள பொம்மைகள் எல்லாம் தமிழ்; கீழே உள்ள புத்தகங்களில் தமிழ் இல்லை.

மலையாளம் படிப்பதைக் குறை சொல்லவில்லை. 2017இல் கேரளம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. வாழும் ஊரின் மொழியைக் கற்பது நியாயம், லாபமும்கூட. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, சொந்தக்காரர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்ச் செய்தி அனுப்பும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் போய்விட்டது. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொலு வைக்கும் குடும்பங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அவர்களைவிடத் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குக் கேள்வி சற்றுக் கூர்மையானது. ஏனென்றால் தமிழ் இங்கே வெளியூரிலிருந்து பெட்டியில் வந்த பொம்மை அல்ல. தமிழைத் தெய்வமாக நிறுத்தி வணங்கும் ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப்பாடல் இந்த ஊர்க்காரர் எழுதியது. சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். நாடகம் 1891இல் வெளிவந்தது. 1970இல் தமிழ்நாடு அரசு அந்த வாழ்த்தை ஏற்றது, 2021இல் மாநிலப் பாடல் என்று அறிவித்தது. பிறகு வந்தவர்களில் ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி அந்தத் தெருவின் மனிதர்களைக் கதையாக்கினார். 2015இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது, 2021இல் காலமானார். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ இந்த ஊரேதான். நகுலன் பகலில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துத் தமிழில் எழுதினார். கொலுவுக்குப் பூ வாங்கும் தெருவிலேயே எழுதப்பட்ட தமிழ், கொலுப் படிக்கு வராமலிருப்பது விசித்திரம்தான்.

வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கவேண்டும் என்ற வழக்கத்தை எந்த வீடும் விடவில்லை. அதன் பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகமும் வாங்கலாம். பள்ளிகொண்ட பெருமாளின் காலடியில் ‘பள்ளிகொண்டபுரம்’ பொருத்தமாக இருக்கும். நாவலைப் பூஜையில் வைக்கலாமா என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். வியாபாரிகள் பேரேட்டை வைத்துச் சந்தனம் பூசுகிறார்கள்; சரஸ்வதி ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. எடுத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். விஜயதசமி அன்று கட்டுப் பிரித்ததும் ஒரு பக்கமாவது படிக்கச் சொல்வது பெரியவர்கள் வழக்கம். அந்த ஒரு பக்கம் தமிழாக இருக்கலாம். பெரியவர்கள் படிக்கக் குழந்தை கேட்டாலும் தொடக்கத்துக்குப் போதும்.

பள்ளிக்குப் போகாத சிறு குழந்தை வீட்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். விஜயதசமி அன்று வேளிமலை முருகன் ஆரியசாலையிலிருந்து பூஜப்புரைக்கு எழுந்தருளுவார்; அங்கே சரஸ்வதி மண்டபத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பு நடக்கும். ஊரெங்கும் குழந்தைகள் பெரியவர்களின் மடியில் உட்கார்ந்து தட்டிலுள்ள அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ எழுதிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் அழுகையோடு. உங்கள் பிள்ளையும் எழுதட்டும். வீட்டுக்கு வந்ததும் கொலு முன்னால் உட்காரவைத்து அதே விரலைப் பிடித்து ‘அ’வும் எழுதவையுங்கள். அரிசி மத்தியானம் பாயசத்துக்குப் போய்விடும். ஆகையால் பூ வாங்கச் சாலைக்குப் போகும்போதே ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.