சட்டென்று வராத கோபம்

“அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு பத்து வருஷம் ஏன் இருந்தாள்?” கிரண்ஜித் அலுவாலியா, ரஹிலா குப்தாவோடு சேர்ந்து எழுதிய ‘சர்க்கிள் ஆஃப் லைட்’ புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெண்களே கேட்கிறார்கள். படித்த, சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் கிராலியில் வாழ்ந்த அந்தப் பஞ்சாபிப் பெண், கணவன் தன்னை அடிக்கக் கூடாதென்று இரண்டு முறை நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினார். குடும்பத்தாரிடம் சொன்னார், மானம் போகும், பொறுத்துக்கொள் என்றார்கள். 1989 மே மாதம் ஒரு ராத்திரி, சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தில் வைத்த அந்த ஆள் தூங்கிய பிறகு பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை.

அவன் தூங்கும்வரை காத்திருந்தாரே, அதுதான் குற்றத்தைப் பெரிதாக்கியது. ஆத்திரமூட்டப்பட்டதாகச் சொல்ல வேண்டுமானால் நிதானம் ‘சட்டென்று’ தவறியிருக்க வேண்டும் என்பது 1949இல் டஃபி வழக்கில் வந்த விதி. (அந்த டஃபியும் கணவனிடம் அடி வாங்கியவள்தான்.) நம் பழைய தண்டனைச் சட்டத்திலும் ‘திடீர்’ உண்டு, புதிய நியாய சன்ஹிதாவிலும் உண்டு. சட்டென்று கை ஓங்க யாருக்கு வாய்க்கும்? கடலில் பாடு இல்லையென்று வந்து சோற்றுச் சட்டியை எட்டி உதைக்கிறவனுக்கு வாய்க்கும். அவள் அந்த நொடியே எதிர்த்தால் பிணமாவது அவள்தான்.

சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பெண்கள் போராடியதால் 1992இல் விடுதலை கிடைத்தது. அப்போதும் நீதிமன்றம் ஏற்றது கிரண்ஜித்தின் மனச்சோர்வை. கோபத்தை அல்ல.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னே 1989இல் ஒரு வழக்கு. துன்பம் தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துப் பிழைத்துவிட்ட ஒரு தாய். நாள்பட்ட துன்பமும் ஆத்திரமூட்டலாகும் என்று நீதிமன்றம் கருதியது. ‘நல்லதங்காள் சிண்ட்ரோம்’ என்ற பெயர் அப்படி வந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் நம் பரிவு எப்போது சுரக்கிறது பாருங்கள்: அவள் தன்னையும் தன் பிள்ளைகளையும் அழித்துக்கொள்ளும்போது.

அந்த நல்லதங்காள் வெளியே வந்தவள்தானே? பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குத்தானே வந்தாள்? ஒருவேளைச் சோறு கிடைத்ததா? ‘ஏன் வெளியே வரவில்லை’ என்கிறவர்கள் அந்தக் கிணற்றடியில் போய்க் கேட்கட்டும்.

ஆலந்தலை மாதிரிக் கடற்கரை ஊரில் தாய்வீடு என்பது பெரும்பாலும் இரண்டு அறை. அண்ணி இருப்பாள், கட்டிக்கொடுக்காத தங்கை இருப்பாள். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போ மக்கா, அடிக்கிற கைதான் அணைக்கும்.” இந்தப் பழமொழியைச் சொல்கிற வாய் எதுவும் தன் கன்னத்தில் அந்தக் கையை வாங்கியதில்லை என்றும் சொல்ல முடியவில்லை, அம்மாக்கள்தான் சொல்கிறார்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம்; அடிக்கிற கணவனை வெளியே போகச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இருபது வருஷமாகிறது. அவன் ஏன் வெளியே போகவில்லை என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.